முதலில் வெட்டுப்படும் சொல்

"ஆண் வீரர்" என்று மட்டும்தான் பிரிட்டன் டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரே சொன்னார். 2017 ஜூலை 12, விம்பிள்டன் காலிறுதியில் சாம் குவெரியிடம் ஐந்து செட் ஆடித் தோற்றுவிட்டு நிருபர்கள் முன் உட்கார்ந்திருந்தார். 2009க்குப் பிறகு கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றின் அரையிறுதிக்கு வந்த முதல் அமெரிக்கர் குவெரி என்று ஒரு நிருபர் கேள்வியை ஆரம்பித்தபோதுதான் அந்தக் குறுக்கீடு. நிருபருக்குப் பிடிபடவில்லை. என்ன என்று கேட்டார். மர்ரே மறுபடியும் அதையே சொன்னார்.

முந்தைய நாள்தான் அதே விம்பிள்டனில் 37 வயது வீனஸ் வில்லியம்ஸ், பிரெஞ்சு ஓப்பன் சாம்பியன் ஓஸ்டபென்கோவை 6-3, 7-5 என்று வென்று அரையிறுதிக்குப் போயிருந்தார். அந்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி ஆட்டமே வீனஸுக்கும் தங்கை செரீனாவுக்கும் இடையில்தான். 2010 தொடக்கத்திலிருந்து அதுவரை செரீனா மட்டும் 12 கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வென்றிருந்தார். டென்னிஸ் எழுதுகிற ஒருவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் வாய் தவறுகிறது என்பதுதான் உறுத்துகிறது.

விளையாட்டுப் பக்கத்தில் செய்தி திருத்துகிற எவருக்கும் அந்த வாக்கியம் பழக்கமானது. 'முதல்' என்று வரும் எந்தச் சாதனை வரிக்கும் ஐந்து எல்லைகள் வேண்டும்: நாடு, போட்டி, பிரிவு, சுற்று, எந்த ஆண்டிலிருந்து. லண்டனில் மாலை 6 மணி என்றால் இங்கே இரவு 10.30. வெளியூர்ப் பதிப்பு காத்திருக்காது. ஒரே பத்தி (column) அகலத் தலைப்பில் நான்கைந்து சொற்களுக்கு மேல் நிற்காது. அப்போது முதலில் போவது 'பிரிவு'. ஆடவர் ஆட்டச் செய்திதானே, வாசகருக்குப் புரியும் என்ற நியாயம் அந்த நேரத்தில் நேர்மையாகவே தோன்றும். அந்த நிருபர் பக்கமும் அதே நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் 'மகளிர்' என்ற சொல்லை இடமில்லை என்று யாரும் வெட்டிப் பார்த்ததில்லை. வெட்டினால் தவறான செய்தியாகிவிடும் என்று கை தானாக நின்றுவிடும்.

'டென்னிஸ் அழகி' மாதிரியான அடைமொழிகளை அடிப்பது சுலபம், கண்ணில் பட்டுவிடும். 2013இல் விம்பிள்டன் வென்ற மரியான் பார்டோலியின் தோற்றத்தைப் பற்றி பிபிசி வர்ணனையாளர் பேசியதும் புகார்கள் குவிந்தன, பிபிசி மன்னிப்புக் கேட்டது. விடுபட்ட சொல்லுக்கு அப்படி யாரும் புகார் எழுதுவதில்லை.

எல்லா இடத்திலும் 'ஆடவர்' சேர்த்தால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியவில்லை. 2016 ரியோவில் இரண்டாவது தங்கம் வென்ற மர்ரேயிடம், ஒலிம்பிக் டென்னிஸில் இரண்டு தங்கம் வென்ற முதல் ஆள் நீங்கள்தான் என்றார்கள். வீனஸும் செரீனாவும் ஆளுக்கு நான்கு வைத்திருக்கிறார்களே என்று அப்போதும் அவரேதான் திருத்தினார். அங்கே விடுபட்டது 'ஒற்றையர்'. ஒற்றையரில் இரண்டு தங்கம் என்பது ஆண், பெண் இருபாலிலும் அவர்தான் முதல். 'ஆடவர்' என்று போட்டிருந்தால் அவருடைய சாதனையைக் குறைத்ததாகியிருக்கும்.

தமிழில் இந்தப் பிழை இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்கிறது. 'முதல் அமெரிக்க வீரர்' என்று எழுதினால் பிழையே இல்லை போலிருக்கும், பெண் என்றால் வீராங்கனை என்போமே! அந்தத் தனிச்சொல் நம்மைக் காப்பாற்றுகிறது என்று நம்பலாம். ஆனால் 2024இல் இந்திய வீரர்கள் 117 பேர் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனார்கள் என்று எழுதும்போது அதே 'வீரர்' பெண்களையும் சேர்த்துக்கொள்கிறது. கூட்டமாக இருக்கும்போது உள்ளே, தனியாக ஒரு பெருமை வரும்போது வெளியே. மொழியின் துல்லியமா, வசதியா? இரண்டு விதமாகவும் வாதாடலாம்.

ஐந்து எல்லைகளையும் முதலில் எழுதிவிட்டு, இடம் போதாவிட்டால் சாதனை வரியையே தூக்கிவிடுவதுதான் பாதுகாப்பான முறை. அன்றைய குவெரி செய்திக்கு அதைச் செய்து பார்த்தால், 'முதல் அமெரிக்க ஆடவர்' காதில் ஒட்டவில்லை. 'ஆடவர் பிரிவில்' என்றால் இரண்டு சொல் கூடுகிறது. தலைப்பு அடுத்த வரிக்கு இறங்கும். ஒரே பத்தியில் கீழே வீனஸின் அரையிறுதி முன்னோட்டம் இருந்தால், அதில்தான் ஒரு வரி போகும்.