ஒரு மூலக்கூறுக்கு ஒரு சாயம்

குளுக்கோசுடன் பினைல்ஹைட்ரசீன் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் மஞ்சள் ஊசிப் படிகங்கள் தோன்றும். கல்லூரிச் செய்முறை வகுப்பில் நுண்ணோக்கி வழியே நான் கண்ட அந்த ஓசசோன்களை எமில் ஃபிஷர் 1884-இல் அறிவித்தார். இன்று ஆய்வகத்தில் சர்க்கரைகளுக்குச் சாயக்குறி இடும்போதெல்லாம் அவை நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஓசசோன் முதல் இரு கார்பன்களையும் மாற்றிவிடுவதால், குளுக்கோசும் மானோசும் ஒரே படிகத்தையே தருகின்றன. நாங்கள் கையாளும் ஒடுக்க அமினேற்றமோ (சர்க்கரையோடு ஓர் அமீனை இணைத்து, அப்பிணைப்பை ஒடுக்கி நிலைப்படுத்தும் வினை) முதல் கார்பனை மட்டுமே தொடுகிறது. ஆகவே சர்க்கரையின் அடையாளம் அழிவதில்லை.

சர்க்கரைகள் நிறமற்றவை, ஒளிர்வதுமில்லை. புற ஊதாவிலும் 200 நானோமீட்டருக்குக் கீழேதான் ஓரளவு உறிஞ்சுகின்றன. அதனால் 2-அமினோபென்சமைடு போன்றதொரு ஒளிர்சாயத்தை அவற்றோடு இணைக்கிறோம். கரைசலில் மிகச் சிறு பங்கு சர்க்கரையே வளையம் திறந்து ஆல்டிஹைடாக இருக்கும் என்றாலும், அது சாயத்தின் அமீனுடன் சேர்ந்து ஷிஃப் காரம் என்னும் நிலையற்ற இடைச்சேர்மமாகி, அதைச் சோடியம் சயனோபோரோஹைட்ரைடு நிலையான அமீனாக ஒடுக்க ஒடுக்க, எஞ்சிய வளையங்களும் ஒவ்வொன்றாகத் திறந்து வினையில் கலந்துகொள்கின்றன. சுக்ரோசுக்கு இந்த வழி இல்லை. அதன் இரு ஆல்டிஹைடு, கீட்டோன் முனைகளும் பிணைப்பிலேயே பூட்டப்பட்டுள்ளன.

இம்முறையில் நான் பெரிதும் மதிப்பது அதன் நேர்மையான எண்ணிக்கையைத்தான். சிறியதோ பெரியதோ, ஒரு சர்க்கரைச் சங்கிலிக்கு ஒடுக்கும் முனை, அதாவது ஆல்டிஹைடாகத் திறக்கக்கூடிய முனை, ஒன்றே, எனவே சாயமும் ஒன்றே. 330 நானோமீட்டரில் தூண்டி 420-இல் அளக்கும் ஒளிர்வு, மோல் அளவை நேரடியாகச் சொல்லிவிடும். எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) புரத மருந்துகளில், 297-ஆம் இடத்து அமினோ அமிலமான அஸ்பாரஜினில் தொங்கும் சங்கிலிகளைப் பிஎன்கேஸ் எஃப் நொதியால் விடுவித்து ஒப்பிடுவதற்கு இதனால்தான் இது உகந்ததாகிறது. அச்சங்கிலியில் ஃபியூக்கோஸ் என்னும் சர்க்கரை இல்லாமற்போனாலே மருந்தின் செல்லழிக்கும் திறன் கூடும் என்பதால், சிறு கூறுகளின் விகிதமும் முக்கியம்.

கடினமான பகுதி வினையன்று, தூய்மையாக்கல். 65 பாகை செல்சியசில் சில மணி நேரம் வைத்தால் வினை முடிந்துவிடும். ஆனால் சாயத்தை மிகையாகச் சேர்ப்பதால், எஞ்சியதை நீக்காவிட்டால் சர்க்கரைகளைப் பிரித்து அளக்கும் வரைபடத்தில் அதன் உச்சி சிறு சர்க்கரைகளின் உச்சிகளை மூடிவிடும். ஒருமுறை கழுவுதலில் நான் அவசரப்பட்டதால், ஒரு வார மாதிரிகளை மீண்டும் குறியிட நேர்ந்தது. வெப்பத்தைக் கூட்டி நேரத்தைச் சுருக்குவதும் தவறு. வினை நடக்கும் அமிலச் சூழலில், சங்கிலியின் நுனியிலுள்ள சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரை உதிர்ந்துவிடும்.

ஒடுக்கியாக இப்போது 2-பிக்கோலின் போரேனையே பயன்படுத்துகிறேன்: சயனோபோரோஹைட்ரைடு அமிலத்தில் ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடக்கூடியது, மாணவர்கள் உடன் நிற்கும் மேசையில் அதைத் திறக்க எனக்கு மனம் வருவதில்லை.