காரையில் நான் தவறாக அளந்த 60 பாகை

பாறை அடுக்குகளின் சாய்வை அளக்கக் காரை என்ற ஊருக்குப் போய்வந்த எரிச்சல் இன்னும் அடங்காததால், 'எப்படிப் போவது' என்ற பகுதியை இம்முறை சுருக்கமாகவே எழுதுகிறேன். பெரம்பலூர் வரை பேருந்தில் செல்லுங்கள். அங்கிருந்து காரைக்கு ஆட்டோ பிடித்தால், காத்திருப்புக் கட்டணத்தையும் ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். போய்வர 900 ரூபாய் என்று மட்டும் பேசி ஏறிய என்னிடம், செம்மண் மேட்டருகே இறங்கியதும், நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனியாக 150 ரூபாய் வேண்டும் என்றார் ஓட்டுநர். அந்தக் கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்ததால்தான் முதல் அளவீட்டிலேயே சறுக்கினேன்.

1862இல் பிளான்போர்டு என்ற நிலவியலாளர் இப்பகுதியின் கிரிட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து விவரித்தார். நிலவியல் வரைபடத்தில் மேற்கே பழமையான நைஸ் (வெப்பமும் அழுத்தமும் உருமாற்றிய) பாறையும் அதற்குக் கிழக்கே இம்மூன்றும் வரிசையாக வருகின்றன. கிழக்கே போகப் போக வயது குறைவதால், அடுக்குகள் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்தே ஊகித்துவிடலாம். எவ்வளவு சாய்வு என்பதைத்தான் களத்தில் அளக்க வேண்டும்.

மழைநீர் அரித்த ஓடைச் சரிவில் களிமண்ணுக்கு நடுவே வெள்ளைத் தகடு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இதுதான் அடுக்கு என்று முடிவுகட்டி, சாய்வை அளக்கும் கிளினோமீட்டர் கருவியை வைத்து, 60 பாகை என்று குறித்துக்கொண்டேன். பத்தடி தள்ளி இன்னொரு தகடு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தபோதுதான் சந்தேகம் எழுந்தது. உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், தகட்டின் இரு பரப்புகளுக்கும் குறுக்கே, பட்டு நூல் போன்ற இழைகள் நெருக்கமாக நின்றன. அது படிந்த அடுக்கே அல்ல; பிற்காலத்தில் விரிசலில் வளர்ந்த ஜிப்சம் என்ற கனிமம்.

பிறகு ஒரு மெல்லிய, கடினமான மணற்பட்டையைத் தேடிப் பிடித்து அளந்தேன். வெறும் 5 பாகை. இந்த வேறுபாடு சிறியதன்று. வரைபடத்தில் ஒரு பாறை அடுக்கைக் காட்டும் வண்ணப்பட்டை சமதரையில் 1 கிலோமீட்டர் அகலம் இருந்தால், 60 பாகை என்றால் அடுக்கின் தடிமன் 866 மீட்டர். 5 பாகை என்றால் ஏறத்தாழ 87 மீட்டர். அகலத்தைச் சாய்வின் சைன் மதிப்பால் பெருக்கினால் தடிமன் கிடைக்கும் என்பதைத் தேர்வுக்காக எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆனாலும் வரைபடத்தில் அகலமான நிறத்தைக் கண்டால் தடிமனான பாறை என்றே என் கண் இவ்வளவு நாளும் வாசித்து வந்திருக்கிறது.

காலடியில் துப்பாக்கிக் குண்டு போலக் கிடந்த பெலம்னைட்டுகளை (கணவாய் போன்ற, அழிந்துபோன கடலுயிரிகளின் புதைபடிவங்கள்) எடுக்காமல் விட்டுவந்தேன், நீங்களும் விட்டுவிடுங்கள். 18 மீட்டர் நீளமுள்ள சாத்தனூர் கல்மரத்தையும் (கல்லாகிப்போன பழங்கால அடிமரம்) பார்க்க நினைத்திருந்தேன். அதற்குத் தனி வாடகை என்று ஓட்டுநர் சொன்னதால், பெரம்பலூருக்கே திரும்பி, மிஞ்சிய பணத்தில் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன். சால்னா பிரமாதம்.