ஸ்டூடிபேக்கர் குறிப்புகள்

மார்ச் 3, 2025

பேக்கார்டு, ஹட்சன், நாஷ், பியர்ஸ்-ஆரோ, டூசன்பெர்க். காணாமல் போன அமெரிக்கக் கார் கம்பெனிகளைப் பற்றி எது கிடைத்தாலும் படிப்பேன். இந்த வருடம் ஒரே ஒரு கம்பெனியை எடுத்துக்கொண்டு அடிமட்டம் வரை போவது என்று முடிவு. ஸ்டூடிபேக்கர். மற்றவர்களில் பெரும்பாலோரின் கதை காரோடு தொடங்குகிறது. இவர்களின் கதை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தொடங்கிவிடுகிறது.

1852இல் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்டில் ஹென்றி ஸ்டூடிபேக்கர், கிளெமென்ட் ஸ்டூடிபேக்கர் என்ற அண்ணன் தம்பி இருவரும் 68 டாலர் முதலீட்டில் கொல்லுப்பட்டறை போட்டார்கள். இன்னொரு தம்பி ஜான், தங்கம் தேடி கலிபோர்னியா போனவர். போன இடத்தில் மண் தோண்டாமல், தோண்டுகிறவர்களுக்கு ஒற்றைச்சக்கரத் தள்ளுவண்டி செய்து விற்றார். 1858இல் 8,000 டாலரோடு ஊர் திரும்பி அதைப் பட்டறையில் போட்டார். உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு வண்டிகள் செய்து கொடுத்தார்கள். அப்புறம் வளர்ச்சிதான். 1902இல் மின்சாரக் கார், 1904இல் பெட்ரோல் கார். குதிரை வண்டியிலிருந்து காருக்குத் தாண்டிவந்து நிலைத்த வண்டிக் கம்பெனிகள் மிகக் குறைவு.

மார்ச் 6

இன்று ஆல்பர்ட் எர்ஸ்கின் பற்றிப் படித்தேன். மனது கனத்துவிட்டது. 1920களில் கம்பெனியின் தலைவர். 1928இல் பியர்ஸ்-ஆரோவையும் வாங்கிப் போட்டவர். பொருளாதாரப் பெருமந்தம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று உறுதியாக நம்பி, வந்த லாபத்தைவிட அதிகமாகப் பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் கொடுத்தார். கையிருப்பு கரைந்தது. 1933 மார்ச்சில் கம்பெனி நீதிமன்றப் பொறுப்புக்குப் போனது. ஜூலையில் அவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

தூக்கி நிறுத்தியவர்கள் பால் ஹாஃப்மனும் ஹரால்ட் வான்ஸும். 1939இல் வந்த சாம்பியன் என்ற சின்னக் கார் கம்பெனிக்கு மறுபிறவி கொடுத்தது. ஹாஃப்மன் பிற்பாடு, போரில் சிதைந்த ஐரோப்பாவுக்கான மார்ஷல் திட்டத்தை நிர்வகிக்கப் போனார்.

மார்ச் 11

போர் முடிந்ததும் பெரிய கம்பெனிகள் பழைய அச்சிலேயே கார் அடித்துக்கொண்டிருக்க, 1947 மாடலைப் புத்தம் புதிதாகக் கொண்டுவந்தது ஸ்டூடிபேக்கர். பின்பக்கக் கண்ணாடி அவ்வளவு அகலம். இந்தக் கார் வருகிறதா போகிறதா என்று அன்று ஜனங்கள் கிண்டல் செய்தார்களாம். 1950இல் விமான மூக்கு போல நடுவில் கூம்பு வைத்த முகப்பு.

என் மனதுக்குப் பிடித்தது 1953 ஸ்டார்லைனர் கூப்பே, இரண்டு கதவுக் கார். வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் குழுவில் ராபர்ட் போர்க் வரைந்தது. தாழ்ந்த கூரை, நீண்ட உடம்பு, குரோம் பூச்சு மிகக் குறைவு. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் இதைவிட அழகானது இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். ஆனால் தொழிற்சாலையில் அது பட்ட பாடு! எஞ்சினை ஏற்றியதும் அடிச்சட்டம் வளைந்தது; முன்பக்கத் தகடுகள் பொருந்தவில்லை. குடும்பக் காரான செடான்தான் அதிகம் விற்கும் என்று திட்டமிட்டிருந்தார்கள். வந்தவர்களோ கூப்பே கேட்டார்கள். வரிசையை மாற்றி அமைப்பதற்குள் விற்பனைக் காலம் போய்விட்டது. அதே சமயம் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் விலைப்போரில் இறங்கின. நடுவில் அகப்பட்ட சின்னக் கம்பெனிகள் அத்தனைக்கும் அடி.

மார்ச் 22

சிகாகோவிலிருந்து சவுத் ஷோர் ரயிலில் சவுத் பெண்ட். நேராக ஸ்டூடிபேக்கர் தேசிய அருங்காட்சியகம். லிங்கன் சுடப்பட்ட இரவில் நாடக அரங்குக்குப் போன குதிரை வண்டி இங்கேதான் இருக்கிறது. அது வேறு பட்டறையில் செய்தது. கிளெமென்ட் வாங்கிச் சேகரித்தது. கம்பெனியின் கடைசிக் காரான 1966 குரூசரும் இங்கே உண்டு. சாதாரணக் குடும்ப செடான். அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஊருக்கு மேற்கே கம்பெனியின் பழைய சோதனைத் தடம் இருந்த இடத்தில், அதன் பெயரையே எழுத்து எழுத்தாகப் பைன் மரங்களால் நட்டிருக்கிறார்கள். 1930களில் நட்டது. தரையில் நின்றால் வெறும் தோப்பு. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் பெயர் பளிச்சென்று தெரிகிறது.

மார்ச் 23

பேக்கார்டோடு சேர்ந்த கதை. நாஷின் தலைவர் ஜார்ஜ் மேசன் வெகுநாளாக ஒரு கனவு வைத்திருந்தார்: நாஷ், ஹட்சன், பேக்கார்டு, ஸ்டூடிபேக்கர் நான்கும் ஒன்றாகி ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்ற மூன்று பெரியவர்களை எதிர்த்து நிற்பது. பாதி நடந்தது. 1954 மே மாதம் நாஷும் ஹட்சனும் சேர்ந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆயின. அக்டோபர் 1 அன்று பேக்கார்டு ஸ்டூடிபேக்கரை வாங்கியது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 8இல், மேசன் இறந்துபோனார்.

பேக்கார்டின் தலைவர் ஜேம்ஸ் நான்ஸ், ஸ்டூடிபேக்கரை வாங்கிய பிறகுதான் அதன் கணக்குப் புத்தகத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். சவுத் பெண்ட் நட்டமில்லாமல் ஓட, சொல்லப்பட்டதைவிட எவ்வளவோ அதிகம் கார் விற்க வேண்டியிருந்தது. 1956இல் டெட்ராய்ட்டில் பேக்கார்டு உற்பத்தி நின்றது. ஸ்டூடிபேக்கர் உடம்பின் மேல் பேக்கார்டு பெயரை ஒட்டி இரண்டு வருடம் ஓட்டினார்கள். 1958இல் அந்தப் பெயரும் போயிற்று. உடம்பு பலவீனமான கம்பெனியைக் காப்பாற்றப்போய் உயர்ந்த பெயர் ஒன்று அழிந்தது. எனக்கு இதில் இன்னும் ஆற்றாமைதான்.

ஏப்ரல் 5

இந்தத் தேடலில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்; கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

1959இல் லார்க் என்ற சின்னக் கார் கொஞ்ச நாள் மூச்சு கொடுத்தது. 1962இல் கம்பெனித் தலைவர் ஷெர்வுட் எக்பர்ட் முயற்சியில் ஃபைபர்கிளாஸ் உடம்போடு அவான்டி என்ற கார் வந்தது. பலனில்லை. எக்பர்ட் உடல்நலம் கெட்டு விலகினார். 1963 டிசம்பர் 9 அன்று சவுத் பெண்ட் ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே வேலை நின்றது. கனடாவின் ஹாமில்டன் ஆலை மட்டும் 1966 மார்ச் வரை ஓடியது.

ஆலையில் 1950 முதல் தொழிற்சங்க ஒப்பந்தப்படி பென்ஷன் திட்டம் இருந்தது. ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் பென்ஷன் தொகை உயரும். பழைய பணிக்காலத்துக்கும் சேர்த்து உயரும். அந்தப் பழைய காலத்துக்கான பணத்தைக் கம்பெனி 30 வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிதியில் கட்டினால் போதும். ஆலை ஓடும்வரை இது தெரியாது. நின்ற அன்று நிதியில் பள்ளம் தெரிந்தது. கம்பெனி எந்த விதியையும் மீறவில்லை, அதுதான் கொடுமை.

ஓய்வு பெற்றவர்களுக்கும், 60 வயதை எட்டித் தகுதி பெற்றவர்களுக்கும், மொத்தம் சுமார் 3,600 பேருக்கு முழுப் பென்ஷன் கிடைத்தது. உரிமை பெற்றிருந்தும் 60 வயது ஆகாத சுமார் 4,000 பேருக்கு, சேர வேண்டியதில் ஏறத்தாழ 15 சதவீதம். அவர்களின் சராசரி வயது 52, சராசரிப் பணி 23 வருடம். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

கார் ரசிகர்கள் எழுதும் ஸ்டூடிபேக்கர் கதைகளில் அவான்டிக்குப் பத்துப் பக்கம், இதற்கு ஒரு வரி. வண்டியின் வளைவைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை வளைத்தவர்களைப் பற்றியும் எழுத வேண்டாமா?

ஏப்ரல் 12

மூடிய மறு வருடமே இண்டியானா செனட்டர் வான்ஸ் ஹார்ட்கி பென்ஷனுக்கு அரசுக் காப்பீடு கேட்டு மசோதா கொண்டுவந்தார். நகரவில்லை. தொழிற்சங்கம் விடாமல் சவுத் பெண்டை உதாரணம் காட்டியது. கடைசியில் 1974 செப்டம்பர் 2, தொழிலாளர் தினத்தன்று, அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் கீழ் வந்த காப்பீட்டுக் கழகம் இன்றும் மூழ்கிய திட்டங்களுக்குப் பணம் தருகிறது. ஸ்டூடிபேக்கர்காரர்களுக்கு அது பொருந்தவில்லை. சட்டம் பின்னோக்கிச் செல்லாது.

கம்பெனி என்ன ஆயிற்று? கார் இல்லாமலும் பிழைத்துக்கொண்டது. எஞ்சின் எண்ணெயில் கலக்கும் எஸ்.டி.பி., ஓனன் ஜெனரேட்டர், கிரேவ்லி டிராக்டர் எல்லாம் அதன் கையில் இருந்தன. 1967இல் வொர்திங்டனோடு இணைந்து ஸ்டூடிபேக்கர்-வொர்திங்டன் ஆனது.

அடுத்து ஹட்சன்.