புல்மேடு என்று நினைத்தோம்

ஸ்டாக்போர்ட்டுக்குக் குடிவந்த புதிதில், சனிக்கிழமை கொஞ்சம் வெயில் அடித்தால் போதும், பக்ஸ்டன் ரயிலில் ஏறிவிடுவோம். அரைமணி நேரத்துக்குள் வெய்லி பிரிட்ஜ். ஊர் என்று சொன்னாலும் ஒரே ஒரு கடைத்தெரு, கால்வாய் வந்து முடிகிற துறை, அதன் மேல் ஒரு பழைய கல் கிடங்கு, கோய்ட் ஆறு, ஒரு பூங்கா, அவ்வளவுதான். பூங்காவுக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு புல்மேடு நிற்கும். மேட்டில் ஒரு பக்கம் அகலமாகக் கான்கிரீட் சரிவு இறங்கும். மகன் அதைப் பார்த்துவிட்டு, எதுக்கு இவ்வளவு பெரிய சறுக்குமரம் என்று கேட்டான். எனக்கும் பதில் தெரியாது. ஏதோ பழைய கட்டுமானம் என்று சொல்லிவைத்தேன்.

பின்பக்கப் பாதையில் சுற்றி ஏறினால் மேட்டின் உச்சியில் திடீரென்று தண்ணீர். பாய்மரப் படகுகள், கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், நாயை நடத்திக்கொண்டு போகிறவர்கள். டாட்புரூக் நீர்த்தேக்கம். பீக் ஃபாரஸ்ட் கால்வாயில் சரக்குப் படகுகள் ஓடத் தண்ணீர் வேண்டும் என்று 1830களில் கட்ட ஆரம்பித்தது. சரக்குப் படகுகளின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது அந்தக் கால்வாயில் ஓடுவது உல்லாசப் படகுகள், அப்போது இந்தத் தண்ணீர் அதற்கும் படகோட்டும் சங்கத்துக்கும் பயன்பட்டது. நாங்கள் அதை ஏரி என்றுதான் சொல்வோம். அணை என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

2019 ஆகஸ்ட் 1. அலுவலகத்தில் இருக்கிறேன், வாட்ஸ்அப்பில் ஒரு படம். எங்கள் சறுக்குமரத்தின் நடுவில் பெரிய பள்ளம், பலகை பலகையாகக் கான்கிரீட் பெயர்ந்து கிடக்கிறது, அடியில் சேறு தெரிகிறது, பக்கத்திலேயே தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது. அதற்கு முந்தைய சில நாட்கள் விடாத மழை. மதியத்துக்கு மேல் போலீஸ் வீடு வீடாகக் கதவைத் தட்டியது. கிட்டத்தட்ட 1,500 பேர் கிளம்ப வேண்டியதாயிற்று. ரயிலும் நின்றுபோனது.

செய்தி எப்படியோ எங்கள் ஊருக்கும் போய்விட்டது. அன்று ராத்திரி அம்மா போன். "ஏண்டா, அங்கயும் கம்மா உடையுமா?" சிவகங்கைப் பக்கத்துக்காரி, வேறெப்படிக் கேட்பாள். உடையலம்மா, கலுங்குதான் பேந்துபோச்சு என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே விஷயம் உறைத்தது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் பத்திரமாக வெளியேறும் இடம் கலுங்கு. எங்கள் ஊர்க் கலுங்கு கரையின் கோடியில், கெட்டித் தரையில் இருக்கும். இவர்கள் அதைக் கரையின் முதுகிலேயே போட்டிருக்கிறார்கள்! மண் கரை, அதன் மேல் கான்கிரீட் பலகைகள், அதன் மேல் வெள்ளம்.

அந்தப் பலகைகள் அணை கட்டியபோது போட்டவை இல்லை. பழைய வழி பக்கவாட்டில் தனியாக இருக்கிறது, பெருவெள்ளத்துக்கு அது போதாது என்று 1970 வாக்கில் இதைக் கூடுதலாகக் கட்டினார்கள். பாதுகாப்புக்காகச் சேர்த்த பகுதிதான் பெயர்ந்தது. குதிரை வண்டிக் காலத்து ஆட்கள் களிமண்ணைப் பிசைந்து மிதித்து அணைக்கு நடுவில் ஏற்றிய சுவர் அந்த வாரம் முழுக்க நின்றது. "வயதான அணை, அதான்" என்று அன்று டிவியில் பேசியவர்கள் எல்லாரும் வயதைத்தான் சொன்னார்கள். எனக்கு அது கோபமாகவே வந்தது. பழசு நின்று புதுசு போயிருக்கிறது, பழி மட்டும் பழசுக்கு.

பேராசிரியர் டேவிட் பாம்ஃபோர்த் தலைமையில் அரசு அமைத்த விசாரணையின் அறிக்கை 2020 மார்ச்சில் வந்தது. உட்கார்ந்து படித்தேன், பாதி புரிந்தது. வடிவமைப்பே சரியில்லை, போதாக்குறைக்குப் பராமரிப்பும் விட்டு விட்டு நடந்திருக்கிறது என்பதுதான் அதன் சாரம். பலகைகளுக்கு நடுவில் இருக்கும் இணைப்புகள் வழியாகத் தண்ணீர் அடியில் இறங்குகிறது, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகிறது, அடியில் பொந்து விழுகிறது, ஒரு நாள் மேலே வெள்ளம் ஓடும்போது பலகை தாங்காமல் உள்ளே போகிறது. அந்தச் சரிவு தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்த பெருவெள்ளம் அன்று வரவும் இல்லை, அதைவிட ரொம்பக் குறைவான தண்ணீருக்கே இந்தக் கதி. உடைவதற்கு முன் எடுத்த படங்களைப் பார்த்தால் இணைப்புகளில் பச்சை பச்சையாகச் செடி முளைத்திருக்கிறது. நாங்களும் எடுத்திருக்கிறோமே என்று பழைய போனைத் தேடினேன். மகன் சரிவைக் காட்டிக்கொண்டு நிற்கும் படம். பெரிதாக்கிப் பார்த்தால் அவன் தலைக்குப் பின்னால் வரிசையாகக் களை.

தாத்தா இருந்திருந்தால் பார்த்த உடனே திட்டியிருப்பார். ஐப்பசி மழைக்கு முன்னால் கரையில் நடந்துபோய் நண்டு வளை, எலி வளை தேடுவது அவருக்கு ஒரு வேலை. கம்பியால் குத்திப் பார்ப்பார், களிமண்ணை உருட்டி அடைத்துக் காலால் மிதிப்பார். பெரிய வெள்ளம் வந்து உடைந்த கரையைவிட நண்டு போட்ட ஓட்டையில் உடைந்த கரைதான் அதிகம் என்பார். அந்தக் கண்மாய்க்கரை இப்போது முழுக்கச் சீமைக்கருவேலம், கரை மேல் நடக்கவே முடியாது, அதனால் இங்கிலாந்துக்காரர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது.

அப்புறம் சட்டம். அது இங்கே நன்றாகவே இருக்கிறது, அதுதான் வேதனை. 1864இல் ஷெஃபீல்டுக்கு மேலே டேல் டைக் அணை முதல் முறை நிரம்பும்போதே உடைந்து 240 பேருக்கு மேல் போனார்கள். 1925இல் வேல்ஸில் டோல்காரோக் என்ற ஊரில் ஒரு அணை உடைந்து, அந்தத் தண்ணீர் கீழே இருந்த இன்னொரு அணையையும் உடைத்து, 16 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் 1930இல் முதல் சட்டம். இப்போது இருப்பது 1975ஆம் வருடச் சட்டம். 25,000 கன மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தரைமட்டத்துக்கு மேலே தேக்கினால் பத்து வருடத்துக்கு ஒருமுறை வெளியாள் பொறியாளர் ஒருவர் சோதிக்க வேண்டும், நடுவில் இன்னொரு பொறியாளர் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். டாட்புரூக்கில் அந்தப் பத்து வருடச் சோதனை 2018 நவம்பரில்தான் நடந்திருக்கிறது. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. பார்த்தார்கள், சரிசெய்யவும் சொன்னார்கள், வேலை நடப்பதற்கு முன் மழை வந்துவிட்டது.

அளவையும் சொல்லிவிடுகிறேன். உயரம் 24 மீட்டர் வாக்கில், தண்ணீர் 12, 13 லட்சம் கன மீட்டர். மேட்டூரின் 93 டிஎம்சியோடு பார்த்தால் இது அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் மேட்டூருக்குக் கீழே காவிரி இருக்கிறது. இங்கே கீழே இருப்பது பூங்காவும், அதைத் தாண்டினால் கடைத்தெருவும்.

ஒரு வாரம் ஊர் காலி. விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் மேலே நின்றுகொண்டு, கல்லும் சரளையும் நிரப்பிய டன் கணக்கான மூட்டைகளைக் குழியில் இறக்கியது. சில நாளில் 400 டன்னுக்கு மேல். தீயணைப்புத் துறை நாட்டின் பல பகுதிகளிலிருந்து பம்புகளைக் கொண்டுவந்து இரவு பகலாகத் தண்ணீரை இறைத்தது. நடுவில் ஒரு நாள், வீட்டுக்கு ஒருவர் மட்டும் 15 நிமிடத்துக்கு உள்ளே போகலாம் என்றார்கள், மருந்து எடுக்க, பூனை நாயைத் தூக்கிவர. அந்த 15 நிமிடத்தில் நான் எதை எடுப்பேன் என்று மனைவி கேட்டாள். பாஸ்போர்ட் என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 7 அன்று எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஒரு உயிரும் போகவில்லை.

நாங்கள் மறுபடி போனது பல மாதம் கழித்து. உச்சியில் தண்ணீர் இருந்த இடத்தில் ஒரு பெரிய சேற்றுக் கிண்ணம், நடுவில் ஓடை மட்டும் நூல் மாதிரி. படகு ஒன்றுகூட இல்லை. தூண்டில்காரர்களில் ஒருவரை அங்கே பார்த்தேன், தூண்டில் இல்லாமல் சும்மா கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீனையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றார், சொந்தக்காரர்கள் ஊரைவிட்டுப் போனதைச் சொல்வது மாதிரி.

திரும்பி வந்த ராத்திரி, அரசு இணையதளத்தில் வெள்ள அபாய வரைபடம் ஒன்று இருப்பதைப் பார்த்தேன். அஞ்சல் குறியீட்டை அடித்தால், நீர்த்தேக்கம் உடைந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்று நீலமாகக் காட்டும். எங்கள் குறியீட்டை அடித்தேன். ஆற்றை ஒட்டிய தெரு முழுக்க நீலம். எங்கள் வீட்டு வரிசை பாதி. எதிர்வீட்டுப் பாட்டியின் வீடு முழுசாக உள்ளே.

மறுநாள் காலை பத்திரங்கள் இருந்த சூட்கேஸைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து மேல்மாடி அலமாரிக்கு மாற்றினேன். பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே தெருவைக் கடந்தேன். அவர் கதவைத் திறந்து, அந்த வரைபடமா, எனக்குத் தெரியும் தம்பி என்கிற மாதிரி கையசைத்துவிட்டு, டீ போடட்டுமா என்று கேட்டார்.