பத்து புள்ளிக்காக எழுதும் கதை
ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேற, புள்ளிக் கணக்குப் பார்த்துத் தரும் 189 விசாவுக்கு என் மனைவிதான் முதன்மை விண்ணப்பதாரர், நர்ஸ். 33 வயது தொட்டுவிட்டால் அவளுடைய வயதுப் புள்ளி 30-இலிருந்து 25-க்கு இறங்கிவிடும். என் சிவில் படிப்பும் வேலையும் தேறினால் துணைக்கான 10 புள்ளி சேரும். கல்யாணமே ஆகாதவருக்கு அதே 10 சும்மாவே உண்டு! "அப்போ உங்களைக் கட்டிக்கிட்டு என்ன லாபம்?" என்கிறாள்.

சரி, என் பங்குக்கு என்ஜினியர்களின் தகுதியை மதிப்பிடும் 'என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா' அமைப்புக்கு மூன்று 'கேரியர் எபிசோட்', அதாவது நான் செய்த வேலைகளைப் பற்றிய கட்டுரைகள், எழுத வேண்டும். குழு செய்ததைச் சொன்னால் போதாது, நான் செய்தது தெரிய வேண்டும். சைட்டில் பைல் கேப்புக்கு (அஸ்திவாரத் தூண்களின் தலையை இணைக்கும் கட்டை) கான்கிரீட் போட்ட ராத்திரி அத்தனை பேர் நின்றோம். அதில் என்னுடையது எது? கடைசியில் கம்பி அட்டவணையைத் திருத்தியதைப் பிடித்துக்கொண்டேன்.

நைட் டியூட்டி முடித்து வந்தவள் படித்துவிட்டு, "மேஸ்திரி எங்கே காணோம்?" என்றாள். இன்னும் இரண்டு எபிசோட் பாக்கி.