வாக்-இன் கூலர் போடறதுக்கு முன்னாடி சரக்க எடை போட்டுப் பாருங்க
வாக்-இன் கூலர், அதாவது ஆள் உள்ள நடந்து போய் சரக்கு அடுக்கற குளிர் ரூம்னு யார் பேச்செடுத்தாலும் மொத கேள்வி "பத்துக்குப் பத்து ரூமுக்கு எத்தன டன் மிஷின் வேணுமுங்க"ங்கிறதுதான். கோபில காய் மொத்தக்கடை வெச்சிருக்கற எங்க மாமன் பையனும் இதேதான் கேட்டான். ரூம் சைஸ மட்டும் வெச்சு இதுக்குப் பதில் சொல்ல முடியாதுங்க, உள்ள என்ன சரக்கு போகுது, என்ன சூட்டுல போகுது, ஒரு நாளைக்கு எத்தன கிலோ புதுசா ஏறுதுங்கிறதுதான் கணக்கே.

தக்காளியவே எடுத்துக்குங்க. ஒரு டன் தக்காளி மத்தியானம் 30 டிகிரில வந்து இறங்குது, அத 8 மணி நேரத்துல 12 டிகிரிக்குக் கொண்டு வரோணும்னா சரக்கோட சூட்ட எடுக்கவே முக்கா டன் மிஷின் கிட்ட வேணும் (ஒரு டன்னுங்கிறது 3.5 கிலோவாட் சூட்ட வெளிய தள்ளற தெம்பு), அதுக்கு மேல செவுத்து வழியா ஏற்ற சூடு, கதவு தொறக்கறது, ஆள், லைட்டு, ஃபேனு எல்லாம் தனி. அதே தக்காளி வெயில் ஏறும்முன்னே பறிச்சு 22 டிகிரில வந்துதுன்னா அந்த முக்கா டன்னு கிட்டத்தட்ட பாதியாயிரும். அதனால மிஷின் பாக்கறதுக்கு முன்னாடி தோட்டத்துக்காரங்ககிட்ட பேசறதுதான் லாபம்னு நான் நெனைக்கறேன்.

அடுத்தது, எல்லாத்தையும் ஒட்டுக்கா ஒரே ரூம்ல போடறது. மேட்டுப்பாளையம் மண்டில இருந்து வர்ற கேரட்டுக்கு 0 டிகிரி பக்கம் வேணும், வாழைக்காய் 13க்குக் கீழ போனா தோல் கருத்து சரியாப் பழுக்கவும் பழுக்காது. போதாததுக்கு பழுக்கற வாழையில இருந்து வர்ற எத்திலீங்கிற வாயு பட்டா கேரட் கசக்கும், கீரை மஞ்சளாப் போயிரும். ரெண்டும் விக்கறவங்க நடுவுல பேனல் வெச்சு ரெண்டு ரூமா, ரூமுக்கொரு மிஷின்னு போட்டுக்குங்க, செலவு எச்சுத்தான் ஆனா சரக்கு தப்பிக்கும்.

கறிக்கடை, ஓட்டல்காரங்க ஃப்ரீஸர் கேட்டா நான் சொல்றது ஒண்ணுதான், மைனஸ் 18 ரூமுங்கிறது ஏற்கனவே ஒறைஞ்ச சரக்க வெச்சுக்கத்தான். பச்சக்கறியக் கொண்டுபோய் அதுல அடுக்குனா மெதுவா ஒறையும், ஐஸ் துகள் பெருசு பெருசாக் கட்டி சதையக் கிழிச்சிரும், எடுத்து வெச்சா தண்ணியா வடியும். அதுக்கு வேகமா ஒறைய வெக்கற பிளாஸ்ட் ஃப்ரீஸர் தனியா வேணும். ஃப்ரீஸருக்கு பஃப் பேனல் (நடுவுல ஃபோம் அடைச்ச செவுத்துப் பலகை) கனம் 100 மில்லிமீட்டருக்குக் கொறையக் கூடாது, தரைக்கும் இன்சுலேஷன் போட்டே ஆகோணும், இல்லீன்னா நாளாவட்டத்துல அடிமண்ணே ஒறைஞ்சு தரை மேல தூக்கிரும். கூலருக்கு 60, 80 மில்லி போதும், தரை விஷயத்துலயும் அவ்வளவு கண்டிப்பு இல்லீங்க.

கொட்டேஷன் வந்தா அதுல போட்டிருக்கற டன்னு எந்த வெளிச்சூட்டுக்குன்னு கேளுங்க. 35 டிகிரிக்குப் போட்ட கணக்கு ஈரோடு கரூர் பக்கம் சித்திர மாசத்துல எப்படிங்க நிக்கும், 43க்கோ 45க்கோ எழுதித்தரச் சொல்லோணும். வெளி யூனிட்ட மேக்கால செவுத்துல, தகரத்துக்கடியில மாட்ட விடாதீங்க, அது தள்ளற சூட்டையே அது திரும்ப இழுக்கும். த்ரீ பேஸ்ல ஒரு பேஸ் போயிட்டா மோட்டார் கருகிரும், அப்ப மிஷினத் தானா நிறுத்தற பிரிவென்டர் இருக்கான்னு பாத்துக்குங்க.

எதுல வேணா பேரம் பேசுங்க, கதவுல மட்டும் வேண்டாம். வெளிய பூட்டியிருந்தாலும் உள்ள இருக்கறவங்க தள்ளித் தொறக்கற கைப்பிடி கட்டாயம் இருக்கோணும், உள்ள ஒரு பெல்லும் வேணும். ராத்திரி லோடு எறக்கற பசங்க அசதில நிப்பாங்க, வெளிய இருக்கறவன் கவனிக்காம சாத்திட்டுப் போயிருவான், ஃப்ரீஸர்ல கொஞ்ச நேரமே உசுருக்கு ஆபத்துங்க. ரூம ஒப்படைக்கறப்ப நீங்களே உள்ள போய் கதவச் சாத்தச் சொல்லி, லைட்ட அணைச்சு, இருட்டுல அந்தக் கைப்பிடி கைக்குத் தட்டுப்படுதான்னு பாத்துட்டு அப்பறமா மீதிப் பணத்தக் குடுங்க.