செமினாரில் "3.9 சிக்மா" என்று சொன்னால்

துகள் இயற்பியல் செமினாருக்குப் போகும் முதுகலை மாணவர்களுக்காக இது. வரைபடத்தில் ஒரு மேட்டை, அதாவது எதிர்பார்த்ததைவிட நிகழ்வுகள் கூடிய இடத்தை, காட்டி "3.9 சிக்மா" என்றால் (அது தற்செயலாக வருவது எவ்வளவு அரிது என்பதன் அளவு இது; எண் கூடினால் அரிது), அது அந்த ஒரு இடத்துக்கான மதிப்பா, தேடிய முழு வீச்சுக்குமா என்று முதலில் கேளுங்கள்.

2015 டிசம்பரில் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் ஆய்வகத்தில் நடந்த உரையையே பாருங்கள். இரண்டு ஃபோட்டான்களின் (ஒளித்துகள்களின்) கூட்டு நிறையில், 750 ஜிஇவி (துகள் நிறைக்கான அலகு) அருகே, அங்கே ஆய்வு செய்யும் அட்லஸ் குழு ஒரு மேட்டைக் காட்டியது. அந்த இடத்தை மட்டும் எடுத்தால் 3.9. ஆனால் மேடு வேறு நிறையிலும், வேறு அகலத்திலும் வந்திருக்கலாமே? அத்தனையையும் கணக்கில் சேர்த்ததும் 2.3 ஆக இறங்கியது. நிறை அச்சைத் துண்டு போட்ட நிறைய பெட்டிகளில் தேடினால் ஏதாவது ஒன்றில் தற்செயலாகக் கூட்டம் சேரத்தான் செய்யும். அங்கேயே தனியாக ஆய்வு செய்யும் சிஎம்எஸ் குழுவுக்கும் அதே பக்கத்தில் சிறு மேடு தெரிந்ததால் பரபரப்பு கூடியது, நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் குவிந்தன. 2016 ஆகஸ்டில், சிகாகோ மாநாட்டில், கூடுதல் தரவோடு பார்த்தபோது மேடு கரைந்துவிட்டது. அட்லஸ் குழு தவறேதும் செய்யவில்லை. இரண்டு எண்களையும் அன்றே சேர்த்துத்தான் சொன்னார்கள்.

மேட்டை மட்டும் பார்க்காமல் வரைபடத்தின் கீழ்ப்பட்டைக்கும் கண்ணை இறக்குங்கள். தரவிலிருந்து பின்னணியை (ஏற்கெனவே தெரிந்த நிகழ்வுகளை) கழித்த மிச்சம் அங்கேதான் இருக்கும். நிறை கூடிய வால்பகுதியில் ஒரு பெட்டிக்கு நாலைந்து நிகழ்வுகள்தான் என்றால், பின்னணிக்கு எந்தச் சார்பை (கணித வளைவை) பொருத்தினார்கள் என்பது ரொம்ப முக்கியம்.

பேரண்டவியலில் சிக்கல் வேறு: ஒரே அளவுக்கு இரண்டு வழிகள் இரண்டு எண்களைத் தருகின்றன. பேரண்டம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலிக்கு பிளாங்க் விண்கலத்தின் தரவு தரும் 67.4 (கி.மீ./வினாடி/மெகாபார்செக்) நேரடி அளவீடு இல்லை, லாம்டா-சிடிஎம் என்ற பேரண்ட மாதிரியைப் பொருத்தி வருவது. சீஃபைட் (துடிக்கும் விண்மீன்), சூப்பர்நோவா (வெடிக்கும் விண்மீன்) வழியில் வரும் 73 தூர ஏணியில், அதாவது பக்கத்துத் தூரத்தை வைத்து அடுத்த தூரத்தை அளக்கும் படிகளில், ஏறி வருவது. ஏணியில் எந்தப் படியை மாற்றினால் எண் எவ்வளவு நகரும் என்று கேளுங்கள்.